மூன்று ‘ஆமாங்க’

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ரவை வறுபடுகிற வாசனை வந்தபோதுதான் நான் ஃபெயிலானது எனக்கு உறைத்தது.

கடிதம் வந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. லிந்துலையிலிருந்து தோல்பையைத் தூக்கிக்கொண்டு நடந்து வருகிற தப்பால்காரர், எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் அடுத்தடுத்த இரண்டு காம்பராக்களில் ஒரே மாதிரிப் பழுப்பு உறைகளைக் கொடுத்துவிட்டுப் போனார். ஒன்று எனக்கு. மற்றது புஷ்பத்துக்கு. இரண்டுமே கண்டியில் நாங்கள் எழுதிய மருத்துவிச்சிப் பரீட்சையின் முடிவு.

லயத்துக் காம்பராக்களுக்கு நடுவில் உள்ள சுவர் கூரையைத் தொடாது. மேலே ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு இடைவெளி இருக்கும். அந்த வழியாகப் புகை வரும், இருமல் வரும், பக்கத்து வீட்டுச் சண்டை வரும். அன்றைக்குப் புஷ்பத்தின் அம்மா குரல் வந்தது.

“எம்மவ பாசு! ஏ மாரியாத்தா, எம்மவ பாசு!”

என் அம்மா என்னைப் பார்த்தாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. “ஒனக்கு என்னா போட்டுருக்கு?” என்றாள்.

“அடுத்த தரம் எழுதச் சொல்லிப் போட்டுருக்காங்கம்மா.”

கடிதத்தில் அப்படியெல்லாம் பக்குவமாக எழுதியிருக்கவில்லை. ஒரே ஒரு வரிதான் இருந்தது. அதை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு அடுப்பு முன்னால் உட்கார்ந்தேன். அப்போதுதான் ரவை வாசனை வந்தது. பிறகு நெய் வாசனை. பிறகு உலர்திராட்சைப் பிளம்ஸ் பொரிகிற வாசனை. கேசரி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று மூக்காலேயே எனக்குத் தெரிந்துகொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் புஷ்பம் தட்டோடு வந்து நின்றாள்.

“இந்தா தெய்வான. சூடு ஆறுறதுக்குள்ள சாப்பிடு.”

சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். எனக்காக அடக்கிக்கொண்டிருந்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வாய்விட்டுச் சிரித்திருந்தால் நாலு வார்த்தை திட்டி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். தட்டை வாங்கினேன். ஒரு வாய்கூட மிச்சம் வைக்காமல் தின்றேன். நன்றாகவே இருந்தது, அது வேறு எரிச்சல்.

திருச்சியிலிருந்து ஒரு கடிதம்

நானும் புஷ்பமும் கண்டியில் மேலும் கீழுமான கட்டிலில் படுத்துப் படித்த கதையைச் சில வாரங்களுக்கு முன் இந்தத் தொடரில் எழுதியிருந்தேன். அதை வாசித்துவிட்டுத் திருச்சியிலிருந்து அவளுடைய மகள் எழுதியிருக்கிறாள். புஷ்பத்துக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லையாம். நான் கட்டி அனுப்புகிற இதழ்களை மகள் வாசித்துக் காட்டுகிறாளாம். “அடுத்தது பரீட்சை பற்றித்தான் வரும், தெய்வான நல்லா எழுதுவா என்று அம்மா ஆசையாகக் காத்திருக்கிறார்” என்று இருந்தது.

அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் பேனாவைத் தொடவில்லை. எப்படியும் எழுதத்தான் வேண்டும். எழுதுகிறேன்.

பங்களா வீட்டுப் பிள்ளை

நான் ஏன் ஃபெயிலானேன் என்று சொல்வதற்கு முன் என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா, தோட்டத்து மேனேஜரான பெரிய தொரையின் பங்களாவில் சமையல்காரர். ‘அப்பு’ என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். அவர் வாயிலிருந்து தொரையிடம் ‘இல்லை’ என்ற சொல் ஒருநாளும் வந்ததில்லை.

ஒருநாள் சூப்பை மேசையில் வைத்திருக்கிறார். ஆவி பறந்துகொண்டிருக்கிறது. தொரைக்கு அன்றைக்கு என்ன கோபமோ, “அப்பு, சூப் ஆறிப்போச்சு” என்றாராம். “எஸ் தொரை” என்று கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய், ஜன்னல் பக்கம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அதே சூப்பை அதே கோப்பையில் கொண்டுவந்து வைத்தார். “இப்ப நல்ல சூடு” என்றாராம் தொரை. இந்தக் கதையை அப்பா பெருமையாகச் சொல்வார்.

“மொதல்ல ஆமாங்கன்னு சொல்லிரணும் தெய்வான. அப்புறமா போயி செய்ய வேண்டியதச் செய்யி. யாருக்கும் நட்டமில்ல.”

நான் அந்தச் சோற்றில் வளர்ந்தவள். ஐயாமார் யார் எதைக் கேட்டாலும் என் நாக்கு தானாக ‘ஆமாங்க’ என்றுவிடும். மூளை பின்னால் நடந்து வரும்.

புஷ்பத்தின் அம்மா வேறு ரகம். கொழுந்து நிறுக்கிற இடத்தில் கணக்கப்பிள்ளை கொஞ்சம் குறைத்துச் சொன்னால் போதும், கூடையைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொள்வாள். “இல்லீங்கய்யா, இன்னொருக்காத் தூக்குங்க தராச.” வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் கொழுந்தும் கையுமாகக் காத்திருக்க வேண்டியதுதான். அந்த அம்மாவின் மகள் புஷ்பம்.

கண்டியில் நடந்தது

எழுத்துப் பரீட்சை எனக்கு நன்றாகவே போயிருந்தது. வார்டு வேலையிலும் குறையில்லை. சொல்லப்போனால் தொப்புள்கொடி கட்டுவதில் புஷ்பத்தைவிட என் கைதான் சுத்தம். மேட்ரனே சொல்லியிருக்கிறார், அதுவும் புஷ்பத்தை வைத்துக்கொண்டே. என்னைக் கவிழ்த்தது வாய்மொழிப் பரீட்சை.

கேள்வி கேட்டவர் யாழ்ப்பாணத்துப் பெரிய டாக்டர். தலை முழுக்க நரை. தப்பான வழியைச் சொல்லி, சரிதானே என்று சாதுவாகக் கேட்பது அவருடைய பழக்கம். பிரசவ வீட்டில் சுற்றி நிற்கிறவர்கள் நெருக்கும்போது மருத்துவிச்சி மறுத்துப் பேசுவாளா என்று பார்க்கிறாராம். இந்த ரகசியம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

“பிள்ளை, குழந்தை பிறந்து அரை மணித்தியாலமாச்சு. நஞ்சு இன்னும் விழேல்லை. கொடியைப் பிடிச்சு மெல்ல இழுத்துவிடலாம்தானே?”

இழுக்கக் கூடாது. நஞ்சு என்கிற நச்சுக்கொடி தானாக விழுமுன் இழுத்தால் கருப்பையே புரண்டு வெளியே வரலாம், தாய் செத்துப்போகலாம். புத்தகத்தில் அந்தப் பக்கம் எனக்கு மனப்பாடம்.

“ஆமாங்க ஐயா” என்றேன்.

அவர் என்னை உற்றுப் பார்த்தார். “சரி. இரத்தம் கனக்கப் போகுது, தாய் களைச்சுப்போனா. சுடச்சுட ஒரு தேத்தண்ணி குடுத்துப்போட்டு, நிக்குதோ எண்டு பாத்துக்கொண்டு இருக்கலாம்தானே?”

“ஆமாங்க ஐயா.”

“முதல் வீட்டிலையே கை கழுவினீர். அடுத்த வீட்டில திரும்பக் கழுவத் தேவையில்லைத்தானே?”

“ஆமாங்க ஐயா. தேவையில்லீங்க.”

அவர் பேனாவை மூடி வைத்தார். எனக்கு அடுத்து உள்ளே போன புஷ்பம், அவர் கேட்ட மூன்றுக்கும் ‘இல்லீங்கய்யா’ சொல்லிவிட்டு வந்தாள். வராந்தாவில் என் கையைப் பிடித்து, “நீயும் அப்பிடித்தானே சொன்ன?” என்றாள். அதற்கும் ஆமாம் என்றுதான் சொன்னேன்.

கூரையைத் தொடுகிற சுவர்

எங்கள் தோட்டத்து மருத்துவிச்சி வேலை புஷ்பத்துக்குக் கிடைத்தது. எனக்குப் பெரிய தொரை, அப்பாவின் முகத்துக்காக, இன்னொரு வாய்ப்பு கொடுத்தார். ஆறு மாதம் கழித்துத் திரும்பப் பரீட்சை. பாஸானால் பக்கத்துத் தோட்டத்தில் காலியாக இருக்கிற இடம் எனக்கு. தவறினால் கொழுந்துக் கூடை. அதுவரைக்கும் தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. கூட்டுவது, துடைப்பது, வெந்நீர் போடுவது. யாருக்கு வெந்நீர் போடுவது? புஷ்பத்துக்கு.

அவளுக்கு வெள்ளைச் சீலை, வெள்ளைச் சப்பாத்து, கறுப்புக் குடை. நெஞ்சில் தலைகீழாகத் தொங்குகிற கடிகாரம். ஒரே பீலிக் குழாயில் என்னோடு தண்ணீர் பிடித்தவளை நாலு பேர் முன்னால் ‘மிஸ்ஸி’ என்று கூப்பிட வேண்டும். அந்தச் சொல் என் வாயில் வரும்போதெல்லாம் பல்லில் மண் கடித்த மாதிரி இருக்கும்.

எல்லாவற்றையும்விட என் வயிறு எரிந்தது அவளுக்குக் கொடுத்த வீட்டைப் பார்த்துத்தான். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இரண்டே அறை. அந்த இரண்டு அறைக்கும் நடுவில் உள்ள சுவர் கூரை வரைக்கும் போயிருந்தது. குடிபோன அன்று எல்லாரும் அடுப்பையும் ஜன்னலையும் பார்த்தார்கள். நான் அண்ணாந்து அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

சின்னத்தனமும் செய்தேன். அவளுடைய வெள்ளைச் சப்பாத்தை வேண்டுமென்றே அடுப்பு ஓரத்தில் காயவைத்தேன், கரி ஏறியது. அவள் ஒன்றும் கேட்காமல் சுண்ணாம்புக் கட்டியைத் தேய்த்துப் போட்டுக்கொண்டாள். மாசமாக இருந்த பெண்களிடம், “மிஸ்ஸிக்குக் கை ஐஸ் மாதிரி இருக்கும்” என்று சொல்லி வைத்தேன். அவள் வயிற்றைத் தொடுமுன் இரண்டு கையையும் உரசிச் சூடாக்கிக்கொள்ள ஆரம்பித்தாள். அதனால் அவளுக்கு இன்னும் நல்ல பெயர்தான் வந்தது.

ஒருநாள் வேலை முடிந்ததும் கிட்டே வந்து, “தெய்வான, நான் டாக்டர் ஐயா மாதிரி கேக்குறேன். நீ இல்லீங்கன்னு சொல்லிப் பழகிக்க” என்றாள்.

“அடுப்புல தண்ணி கொதிக்குதுங்க மிஸ்ஸி” என்று எழுந்து போய்விட்டேன்.

அடுப்பை நான் பற்றவைத்திருக்கவே இல்லை.

கமலத்தின் காம்பரா

பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது மேல் லயத்தில் கமலத்துக்கு நோவு கண்டது. மூன்றாவது பிள்ளை. நானும் வெந்நீர்ப் பானையைச் சுமந்துகொண்டு புஷ்பத்தின் பின்னால் மலை ஏறினேன். மத்தியானம்தான், ஆனால் பனி இறங்கி எதிர் மலை மறைந்துவிட்டது. காம்பராவுக்குள் விளக்கு வைக்க வேண்டியிருந்தது. விளக்கைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன்.

பிள்ளை சுகமாகப் பிறந்தது. நஞ்சு விழவில்லை. கால் மணி, அரை மணி ஆயிற்று. கமலத்தின் மாமியார் பொறுமை இழந்துவிட்டாள்.

“என்னா மிஸ்ஸி பாத்துக்கிட்டே இருக்கீங்க? கொடியப் புடிச்சு ஒரு இழுப்பு இழுங்க, வந்துரும்.”

“இழுக்கக் கூடாதும்மா.”

புஷ்பம் ஒரு கையைக் கமலத்தின் அடிவயிற்றில் வைத்தாள். மற்றக் கையின் இரண்டு விரலால் கொடியைத் தொட்டுப் பார்த்தாள். கொடி நீளுகிறதா என்று அப்படிப் பார்ப்பது எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முறைதான்.

என் கண் அந்த இரண்டு விரலை விட்டு நகரவில்லை. இழு, இழு என்று என் மனசு சொல்லிக்கொண்டிருந்தது. எழுதக் கூசுகிறது, ஆனால் சொன்னது உண்மை. கமலம் என்னோடு லயத்து முற்றத்தில் விளையாடியவள். அவள் வெளுத்துப்போய்ப் படுத்திருக்கிறாள், நான் புஷ்பம் ஒரு தப்பு செய்ய மாட்டாளா என்று விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

அவள் இழுக்கவில்லை. நஞ்சு தானாக விழுந்தது. ஆனால் பின்னாலேயே இரத்தமும் போகத் தொடங்கியது. புஷ்பம் அடிவயிற்றை அழுத்தித் தேய்த்துக்கொண்டே, “ஆம்பளைங்களக் கூப்பிடு தெய்வான, கம்பளியக் கொண்டாரச் சொல்லு” என்று கத்தினாள். கம்பளியில் கிடத்தி நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். புஷ்பம் வழி முழுக்கக் கையை எடுக்காமல் குனிந்தபடியே கூட ஓடினாள். ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட பிறகு இரத்தம் நின்றது. பொழுது சாய்வதற்குள் கமலம் கண் திறந்து பிள்ளையைக் கேட்டாள்.

டிஸ்பென்சர் ஐயா கேட்டது

மறுநாள் காலை டிஸ்பென்சர் ஐயா என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு அவர்தான் எல்லாம். மருந்து அளவு பற்றி ஆட்கள் முன்னால் தன்னோடு வாதாடியதிலிருந்து புஷ்பத்தைக் கண்டாலே அவருக்கு ஆகாது. மேசையில் வெள்ளைக் காகிதம் தயாராக இருந்தது.

“கமலத்தோட மாமியா சொல்லுது, மிஸ்ஸி கையில கொடி இருந்துச்சாம். வெளக்குப் புடிச்சது நீதான். அவ இழுத்துத்தானே இவ்வளவு ரத்தம்?”

நான் மேசையிலிருந்த காகிதத்தைப் பார்த்தேன்.

“பெரிய தொரைக்கு எழுதப் போறேன். அவ போயிட்டா இந்த எடத்துக்கு ஆள் வேணும். நீ கண்டிக்குப் போயிட்டு வந்தா பக்கத்துத் தோட்டம் என்னத்துக்கு? அந்த வீட்டுலயே இருந்துக்கலாம்.”

அந்தச் சுவர் என் கண்ணுக்கு முன்னால் வந்தது. ‘ஆமாங்க’ தொண்டை வரைக்கும் ஏறிவிட்டது. பழகிப்போன சொல், சொன்னால் ஐயாவுக்குச் சந்தோஷம், எனக்கு வீடு.

அப்போது இன்னொன்றும் தோன்றியது. இப்படி அவள் போனால், லயத்தில் என்ன பேசுவார்கள்? தெய்வான கோள் சொல்லி இடம் பிடித்தாள் என்பார்கள். புஷ்பம் பாஸ், தெய்வான கோள்மூட்டி. காலத்துக்கும் அதுதான் நிற்கும். எனக்கு வேண்டியது அதுவல்ல. அவள் அங்கேயே வெள்ளைச் சீலையோடு நிற்க வேண்டும். நானும் பாஸாகி, அதே சீலை, அதே கடிகாரத்தோடு அவள் முன்னால் போய் நிற்க வேண்டும். அதை அவள் பார்க்க வேண்டும். அவள் இல்லாவிட்டால் யாரிடம் போய் நான் காட்டிக்கொள்வேன்?

“இல்லீங்கய்யா” என்றேன்.

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. 

“நல்லா யோசிச்சுச் சொல்லு. நீ அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பாத்தப்ப இழுத்திருப்பா.”

“இல்லீங்கய்யா. நான் அவ கையில இருந்து கண்ண எடுக்கவே இல்லீங்க.”

அது சத்தியம். அந்தத் தோட்டத்தில் அவள் கையை என்னைப்போல யாரும் பார்த்திருக்க முடியாது. அவர் காகிதத்தை மடித்து இழுப்பறைக்குள் போட்டார். வெளியே வந்தால் கதவுக்குப் பக்கத்தில் கிண்ணங்களோடு புஷ்பம் நிற்கிறாள். எல்லாம் கேட்டிருந்தது அவளுக்கு.

தேத்தண்ணிக் கேள்வி

திரும்பப் பரீட்சைக்குப் போகிற அன்று, தலவாக்கலையில் ரயிலேறுவதற்காக பஸ்ஸுக்கு நின்றபோது புஷ்பம் மூச்சு வாங்க ஓடிவந்து கடிகாரத்தைக் கழற்றி என் நெஞ்சில் குத்திவிட்டாள். “நாடி பாக்கச் சொல்லுவாங்க. ஒங்கிட்ட இல்லையே.” எனக்கு எரிச்சல் வந்தது. அவள் கடிகாரத்தோடு போய் நான் பாஸானால் பாதி அவள் பாஸ் ஆகிவிடாதா? ஆனாலும் கழற்றவில்லை.

கண்டியில் அதே டாக்டர். அதே மேசை.

“ஓ, தோட்டத்துப் பிள்ளை. நஞ்சு விழேல்லை, கொடியை இழுக்கலாம்தானே?”

“இல்லீங்கய்யா. இழுக்கக் கூடாதுங்க. நான் பக்கத்துல நின்னு பாத்திருக்கேங்க.” காரணத்தை எல்லாம் கடகடவென்று ஒப்பித்தேன்.

“கை திரும்பக் கழுவத் தேவையில்லைத்தானே?”

“இல்லீங்கய்யா. ஒவ்வொரு வீட்டுலயும் கழுவணுங்க.”

தலையை ஆட்டி ஏதோ எழுதினார். “சரி பிள்ளை. இனி நீர் போகலாம்தானே?”

“இல்லீங்கய்யா.”

நிமிர்ந்து பார்த்தார். “ஏன்?”

“தேத்தண்ணிக் கேள்வி இன்னும் கேக்கலீங்க.”

பக்கத்தில் இருந்த மேட்ரன் வாயைப் பொத்திக்கொண்டார். டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மிகவும் மரியாதையாக, தாய்க்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு இருக்கலாம்தானே என்று என்னைக் கேட்டார். நான் இல்லீங்க என்று சொல்லிவிட்டு, என்ன செய்ய வேண்டும் என்பதைப் புஷ்பம் கமலத்துக்குச் செய்த வரிசையிலேயே சொன்னேன். வேறு வரிசை எனக்கு ஞாபகம் வரவில்லை.

இன்னொரு தட்டு

இந்தத் தடவை ரவையை என் அம்மா வறுத்தாள். பக்கத்துக் காம்பராவுக்கு வாசனை போகட்டும் என்று நெய்யைக் கொஞ்சம் தாராளமாகவே ஊற்றச் சொன்னேன். பக்கத்தில் புஷ்பம் இல்லை என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது. அவளுக்குத்தான் தனி வீடாயிற்றே. ஆகவே தட்டைத் தூக்கிக்கொண்டு நானே போனேன்.

அவள் முகம் வாடுமா என்று பார்த்தேன். வாடவில்லை. என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். கேசரியை வாயில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

“அன்னைக்கி ஐயாகிட்ட இல்லேன்னு சொன்னியே. எம்மேல உள்ள பாசத்துலதானே சொன்ன?”

டாக்டரிடம் மூன்று ‘இல்லீங்க’ சொல்லிவிட்டு, அதற்கு மேலும் ஒன்றைக் கேட்டு வாங்கிச் சொன்னவள் நான். அவள் கண்ணைப் பார்த்தேன். ஈரமாக இருந்தது.

“ஆமா புஷ்பம்” என்றேன்.

பக்கத்துத் தோட்டத்தில் எனக்குக் கிடைத்த வீட்டிலும் சுவர் கூரை வரைக்கும் போயிருந்தது. அவள் கல்யாணமாகிப் பிள்ளைகளோடு இந்தியாவுக்குக் கப்பலேறும் வரைக்கும், மாதம் ஒருமுறையாவது வந்து அந்தச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போவாள். வருகிற ஆட்களிடமெல்லாம், “இவ என்னைய விட்டுக்கொடுக்காதவ” என்பாள். ஒவ்வொரு தடவையும் நான் தேத்தண்ணி போடுகிற சாக்கில் குசினிக்கு எழுந்து போய்விடுவேன்.

திருச்சியில் இதை வாசித்துக் காட்டுகிற மகளே, இந்த இடத்தில் கொஞ்சம் சத்தமாக வாசி. அம்மாவுக்குக் காதும் மந்தமாகியிருக்கலாம்.

இல்லை, புஷ்பம். பாசத்தில் சொல்லவில்லை. பொறாமையில்தான் சொன்னேன்.